அந்த மூச்சு தெரிந்தவள்

பேகம்பூர்ப் பக்கம் யாருக்காவது இழுத்துக்கொண்டிருந்தால் முதலில் குர்ஷித் பேகத்துக்குத்தான் ஆள் வரும். தலைமாட்டில் உட்கார்ந்து, காதோரம் அல்லா ஒருவனே என்ற கலிமா சொல்லி, வாயில் சொட்டுத் தண்ணீர் விட்டு, நல்லபடியாக அனுப்பிவைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இது கடைசி மூச்சு என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கட்டுமே, கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஓடுகிறவளுக்கு அதுகூடவா கூடாது?

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் அவளுடைய கணவர் சேக் பரீது, தோல் வியாபாரி. நெஞ்சு வலியென்று காலையில் சேர்த்தது; அடைப்பை எடுக்க மேல்மாடிக்குக் கொண்டுபோகிறார்கள். லிஃப்டுக்குள் நர்ஸ் அறிவுச்செல்வி, ஸ்ட்ரெச்சர் தள்ளும் பொன்னழகு, மூலையில் ஒடுங்கிக்கொண்டு குர்ஷித். பாதியில் கரண்டு போனது. ஜெனரேட்டர் ஓடி விளக்கு வந்தது. லிஃப்ட் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவில் அசையாமல் நின்றது. பொன்னழகு மணியை அமுக்கினான், கதவைத் தட்டினான், போனில் கத்தினான். ஆள் வருகிறது என்று வெளியே ஒரு குரல் சொல்லிவிட்டுப் போனது.

அப்போதுதான் சேக் பரீதின் கண்கள் மேலே செருகின. வாய் பிளந்து ஒரு மூச்சு இழுத்தது. நின்றது. சற்று நேரம் கழித்து இன்னொன்று.

குர்ஷித்துக்குப் புரிந்துவிட்டது. எத்தனை வீட்டில் கேட்ட மூச்சு! அழுகையை விழுங்கிக்கொண்டு குனிந்து அவர் காதில் கலிமா சொல்ல ஆரம்பித்தாள். நர்ஸோ கழுத்தில் நாடியைத் தொட்டுப் பார்த்த கையோடு அவர் நடுநெஞ்சை அமுக்கத் தொடங்கினாள். குர்ஷித் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் தாயி. ரூஹு பிரியுற நேரம். நோகடிக்காத, நிம்மதியாப் போகட்டும்."

"அம்மா, இது மூச்சே இல்ல. இதயம் நின்னதும் வர்ற இழுப்பு. இப்ப அமுக்குனாத்தான் திரும்புவாரு. கைய விடுங்க."

அவள் விடவில்லை. நேற்றுப் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தாள். பொன்னழகுதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மூலைக்குத் தள்ளிவிட்டு, நர்ஸுக்கு மாற்றாக நின்றான்.

இருவரும் மாறி மாறி அமுக்கினார்கள். எலும்பு மளுக்கென்றது. குர்ஷித்துக்கு ஓடிப்போக வழியில்லை, கதவு திறக்கவில்லை, பார்க்காமல் இருக்க இடமில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் அவள் வாய்க்குள் இருந்தது. அவர் போகிறார் என்றால் கலிமா சொல்லியாக வேண்டும். இருக்கப்போகிறார் என்றால், அதைச் சொல்வது அவளே அவரை வழியனுப்புவது போல. சொல்லவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் நின்றாள்.

கதவை நெம்பித் திறந்தார்கள். டாக்டர் குனிந்து நுழைந்து நெஞ்சில் ஷாக் கொடுத்தார். இரண்டாவது ஷாக்கில் நாடி வந்தது.

இரண்டு நாள் கழித்து அவளை உள்ளே விட்டார்கள். விலா எலும்பு முறிந்திருந்தது. ஆனாலும் ஆள் இருந்தார். பக்கத்தில் உட்காரச் சொல்லி, காதில் அவள் சொன்னது கேட்டது என்றார். அல்லா காப்பாற்றிவிட்டான், பேசாமல் படுங்கள் என்று அவள் பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"போகக் கூடாதுன்னுதான் இருந்தேன் குர்ஷித்," என்றார். "நீயே சொல்ல ஆரம்பிச்சதும், சரி, உனக்குத் தெரியாததா, அம்புட்டுத்தான் போலன்னு விட்டுட்டேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். அவளால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.