பறக்கிறவனுக்கு ஒரு படகு

நான் லிஃப்ட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் மேலே போனவர்களில் முக்கால்வாசிப் பேர் என் கையெழுத்தை நம்பித்தான் போனார்கள். மாடிக்கு என்றுதான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓய்வுக்குப் பிறகு என்னையே மேலே தூக்கிக்கொள்ள ஒன்று வாங்கினேன். ஃபாயில் பலகை. பாய்மரம் கட்டித் தண்ணீர்மேல் நின்று ஓட்டும் சாதாரண விண்ட்சர்ஃபிங் பலகைக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி சின்னதாக ஒன்று இருக்கும், அவ்வளவுதான். இதற்கோ இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம், கம்பத்தின் முனையில் குட்டி விமானத்தின் இறக்கை. பாயில் காற்று நிறைந்து வேகம் பிடித்ததும் இறக்கை மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்; பலகையும் ஆளும் அந்தரத்தில். முதல் நாள் நான் போன உயரத்தில் ஒரு கடல் காகம் ஒதுங்கி எனக்கு வழிவிட்டது. நம்பவில்லையா, விடுங்கள். எனக்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் நம்பிக்கை வருகிறது.

பறப்பதில் கஷ்டமில்லை, கரைக்கு வந்த பிறகுதான் கஷ்டம். காயல் கரையில் இருக்கும் எங்கள் கிளப் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழாய் உண்டு. போட்டி முடிந்ததும் எல்லோரும் அங்கே வரிசையாக நின்று பலகையின் உப்பைக் கழுவிக்கொண்டே சண்டை போடுவார்கள். நீ குறுக்கே வந்தாய், நான் முதலில் திரும்பினேன், உன் பாய் என் தலையில் விழுந்தது என்று ஒரே அமர்க்களமாக இருக்கும். ஆனால் போட்டியில் ஓடியவனுக்குத்தான் அந்தச் சண்டையில் பங்கு. ஃபாயிலைப் போட்டியில் சேர்க்கமாட்டார்கள் என்பதால் நான் எதிர்க்கரைப் பக்கம் தனியாகப் பறந்துவிட்டு வந்து, ஓரமாக நின்று கழுவுவேன். ஒருமுறை வாயை அடக்க முடியாமல் ஒரு கருத்துச் சொல்லிவிட்டேன்.

"நீங்க ரேஸ்ல இல்லையே அத்தான்" என்று சொல்லி, ரப்பர் குழாயை மரியாதையாக என் கையில் கொடுத்தான் மச்சினன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. கிளப்பின் செயலாளர். அவன் அக்கா இருந்தவரை சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பான். அவள் போன பிறகு அந்த வீட்டுப் படியேற அவனுக்குக் கால் வரவில்லை. நான் அவனைப் பார்ப்பது கிளப் கரையில்தான், அதுவும் தூரத்திலிருந்து.

ஆகவே வருடாந்திரப் போட்டியில் ஃபாயிலையும் சேர்க்கச் சொல்லிக் கூட்டத்தில் கேட்டேன். கிளப் தலைவர் ஒரு பல் டாக்டர்.

"அது பலகை இல்லைங்க. அடியில கத்தி" என்றார்.

"தினமும் பத்துப் பேர் வாய்க்குள்ள மெஷினை விடுற நீங்களா கத்திக்குப் பயப்படுறீங்க?"

"என்கிட்ட வர்றவங்க ஆடாம உக்காந்திருப்பாங்க. தண்ணியில விழுந்து கிடக்கிறவன் மேல நீங்க ஏறிட்டா யாரு தைக்கிறது?"

நியாயமான கேள்வி என்பதால் எனக்குக் கோபம் வந்தது. மச்சினன்தான் குறுக்கே புகுந்தான். ஃபாயிலுக்குத் தனிப் புறப்பாடு, மற்றவர்கள் கிளம்பிப் பத்து நிமிஷம் கழித்து. தனிப் பாதை, பாசியும் மணல்திட்டும் இல்லாத ஆழத்தில். இறக்கை எதிலாவது சிக்கினால் ஆள் தலைகுப்புறப் போவான். ஹெல்மெட், மார்புக் கவசம் கட்டாயம். கடைசியாக, மீட்புப் படகு எப்போதும் பின்னாலேயே இருக்க வேண்டும்.

"வருடாந்திரத்துக்கு முன்னாடி ஒரே ஒரு ரேஸ் விட்டுப் பாப்போம். ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா அப்புறம் ஃபாயில் பேச்சே கிடையாது" என்றார் தலைவர். "படகை யாரு ஓட்டுறது?"

படகை ஓட்டுகிறவன் தன் போட்டியை விட வேண்டும். அத்தனை பேரும் மின்விசிறியை முதல்முறை பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்கள்.

"நானே ஓட்டுறேன்" என்றான் மச்சினன், என்னைப் பார்க்காமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடித்த காற்றில் கொட்டகைக் கூரை எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. மற்றவர்கள் கூச்சலோடு கிளம்பிப் போனார்கள். பத்து நிமிஷம் கழித்து எனக்கென்று தனியாக ஊதல் ஊதினார்கள். ஃபாயில் பிரிவில் மொத்தப் போட்டியாளர்கள் நான் ஒருவன். புறப்பட்ட கணத்திலேயே முதலிடம் என்னுடையது.

பலகை எழும்பியது. எழும்பியதும் சத்தம் நின்றுவிடும். அடியில் அலை தட்டாது, நுரை சீறாது, கம்பத்திலிருந்து மெல்லிய ஒரு முனகல் மட்டும். ரயிலை முந்தினேன் என்று சொல்லலாம், பக்கத்தில் ரயில் இல்லாததுதான் குறை. யாருமே இல்லை. இப்படி ஓர் அமைதியை நான் இதற்கு முன் என் சமையலறையில்தான் கேட்டிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தேன். மீட்புப் படகு சட்டைப் பொத்தான் அளவுக்குச் சின்னதாகத் தெரிந்தது. எங்கள் படகின் இன்ஜின் ஓடுவதைவிட இருமுவது அதிகம். சுற்றித் திரும்ப வேண்டிய முதல் மிதவை எதிரே இருந்தது. அப்படியே போயிருந்தால் எந்தக் கிளப்பும் காணாத நேரத்தில் முடித்திருப்பேன். ஆனால் படகு பின்னால் இல்லாத ஃபாயில், விதியை மீறிய ஃபாயில். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் எதிர்க்கரைதான்.

முன்பக்கம் ஊன்றிய காலை அழுத்தினேன். பலகை தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்தது. பாயைச் சரித்துவிட்டுக் காலைத் தொங்கப் போட்டுக் காத்திருந்தேன். தூரத்தில் மற்றவர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வது காற்றில் வந்தது. கல்யாண வீட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்குக் கேட்குமே, அந்த மாதிரி.

படகு மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"அடிபட்டுச்சா அத்தான்?"

"இல்லடா."

"அப்புறம் ஏன் நின்னீங்க?"

"படகு பின்னாடி இருக்கணும்னு நீதானே சொன்ன."

"ரேஸ்ல யாராவது நிப்பாங்களா?"

"என்னை யாரு முந்தப் போறா? அந்தக் காகமா?"

அவன் சிரிக்கவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைச் சட்டையால் துடைத்தான். "நிமிந்து பாத்தா ஆளைக் காணோம். எனக்கு உசிரே போயிடுச்சு. அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இன்ஜினைப் பாரு, அணைஞ்சிடப் போகுது" என்றேன்.

மீதிப் பாதையைக் கொஞ்சம் பறப்பது, இறங்குவது, படகு வரும்வரை உட்கார்ந்திருப்பது என்று கடந்தேன். உலகத்தில் இவ்வளவு மெதுவாக யாரும் பறந்திருக்கமாட்டார்கள். முதலிடமும் எனக்கே, கடைசி இடமும் எனக்கே.

குழாயடியில் வழக்கம்போல ஓரமாக நின்றேன்.

"மூணாவது மிதவையை ஏன் உள்பக்கமா திரும்பினீங்க?" மச்சினன் வரிசையின் நடுவிலிருந்து கத்தினான்.

"யாரு, நானா? வெளிப்பக்கமாத்தான் போனேன்."

"நான் பின்னாடியே வந்தேன் அத்தான். எனக்குக் கண்ணில்லையா?"

"நீ எங்கடா பின்னாடி வந்த? அடுத்த ஊர்லல்ல இருந்த?"

"பேச்சை மாத்தாதீங்க" என்று தலைவரும் சேர்ந்துகொண்டார். "உள்பக்கம் திரும்பினா தகுதி நீக்கம்தான். பழைய ஆளு புது ஆளெல்லாம் பாக்க முடியாது."

"பாதுகாப்பு விஷயத்துல குறையிருந்தா சொல்லுங்க" என்றேன்.

"அதுல குறையில்ல. ஃபாயில் ஒழுங்காத்தான் இருக்கு, ஆளுதான் சரியில்ல. வருடாந்திரத்துலயாவது மிதவையைப் பாத்துத் திரும்பச் சொல்லுப்பா உன் அத்தானை."

வரிசையில் யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். ரப்பர் குழாயை யாரும் மரியாதையாகத் தரவில்லை. பிடுங்கித்தான் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து ஈர உடையைச் சமையலறைக் கதவில் மாட்டினேன். அது சொட்டுவது கேட்டது, வேறெதுவும் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மூன்றாவது மிதவைச் சண்டைக்குப் பதில் வந்தது: நான் நேராகத்தான் போனேன், உன் படகு கிளப்பிய அலையில் மிதவைதான் நகர்ந்துவிட்டது. அருமையான பதில். சுத்தப் பொய், ஆனால் ஒருத்தனாலும் மறுக்க முடியாது. எதிரே இருந்த காலி நாற்காலியிடம் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த ஞாயிறுவரை இதை ஆறாமல் வைத்திருக்க வேண்டும்.