மோந்து பறித்த இலை

“என் பேரு அல்மிர். வயசு இருபத்துமூணு. இருக்கறது க்ராஸ் நகரத்துல, வேலை செய்யற ரொட்டிக்கடை மாடியில.”

சொன்னதும் அல்மிருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இது குடும்ப வாட்ஸ்அப் குழு. அப்பா, அக்கா, பெரியப்பா பிள்ளைகள் எல்லாருக்கும் அவனைத் தெரியும். ஆனால் பயம் வந்தால் வாய் இப்படித்தான் தொடங்குகிறது. ஆஸ்திரியாவுக்கு வந்த நாள்முதல் குடியேற்ற அலுவலகச் சன்னல்களில் ஒப்பித்துப் பழகிய பழக்கம். இரண்டு கையிலும் பச்சைச் சாறு. கழுவப் பொறுமையில்லை. அறைத்தோழன் சாஃபெத்தான் போனை அவன் வாய்க்கு நேராகப் பிடித்திருந்தான். பேசப் பேச அது எழுத்தாக ஓடியது.

காலையில் பஸ் டிரைவர் கொடுத்துவிட்டுப் போன பொட்டலம் மேசைமேல் பிரிந்து கிடந்தது. போஸ்னியாவில் பனி உருகியதும் அப்பா ரசீம் மலைச்சரிவில் காட்டுப்பூண்டு இலை பறித்து, ஈரத்துணியில் சுற்றி டிரைவர் கையில் கொடுத்தனுப்புவார். சாஃபெத் அதற்காகவே பாலாடைக்கட்டி வாங்கி வைத்திருந்தான். கொஞ்ச நேரம் முன்னால் அல்மிர் ஒவ்வொரு இலையாகப் புரட்டிக்கொண்டிருந்தான்.

“டேய், இலைகிட்டகூடப் பாஸ்போர்ட் கேப்பியா? அலசிப் போடுடா, பசிக்குது.”

அப்போதுதான் விரல் நின்றது. காட்டுப்பூண்டில் ஒவ்வொரு இலையும் தனக்கென ஒரு மெல்லிய காம்போடு வரும். அடிப்பக்கம் மங்கலாக இருக்கும். கையில் இருந்ததோ காம்பே இல்லாமல், மூன்று இலை ஒன்றையொன்று கட்டிப்பிடித்து ஒரே அடியிலிருந்து வந்திருந்தது. தடிமன். இரண்டு பக்கமும் மினுமினுப்பு. மாடுகூட ஒதுக்கிவிட்டு மேயும் செடி. இலையுதிர்காலத்தில் புல்வெளியெங்கும் ஊதாவாகப் பூப்பது. காந்தள் கிழங்கில் இருக்கும் அதே நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. தின்றவனைப் பல மணி நேரம் சும்மா விட்டுவைத்துப் பிறகுதான் பிடிக்கும். அடுத்த கைப்பிடியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

உடனே அப்பாவைக் கூப்பிட்டான்.

“அக்காவுக்கும் குடுத்தீங்களா?”

“குடுக்காம? நேத்தே வாங்கிட்டுப் போனா. மத்தியானம் அந்த இலையை மாவுல சுருட்டிப் பீதா சுடுறா. பக்கத்துத் தெருதானே, அங்கதான் கிளம்பிட்டிருக்கேன்.”

“அதுல விஷ இலை கலந்திருக்கு. யாரும் சாப்பிடக் கூடாது.”

“நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து பறிக்கிறேண்டா. மாவு பிசையறவன் எனக்குச் சொல்ல வந்துட்டான்.”

“எப்படிப் பாத்துப் பறிச்சீங்க?”

“ஒவ்வொண்ணா கசக்கி, மோந்துதான் பையில போட்டேன். எல்லாம் பூண்டு வாசனைதான்.”

கண்ணால பறிக்கிறவன் மனுசன், மூக்கால பறிக்கிறவன் நாய் என்று சின்ன வயதில் அவனையும் அக்காவையும் சரிவில் நிறுத்தி வைத்துத் திட்டியவர் இதே மனுசன்தான். முதல் பிடி பறித்ததுமே விரலெல்லாம் பூண்டு ஏறிவிடும். அப்புறம் வெறும் புல்லைப் பிடுங்கினாலும் பூண்டுதான் மணக்கும். அது அவருக்குத் தெரியாதா? போன மாதம் வீடியோவில் கோப்பைக்குப் பக்கத்தில் காப்பியை ஊற்றிவிட்டு, கோப்பை நகர்ந்துவிட்டது என்று சிரித்தாரே. அக்கா கண்புரை ஆபரேஷன் என்று சொல்லும்போதெல்லாம் எழுந்து வெளியே போனாரே.

“நீங்க மோந்தது உங்க விரலை. இலையை இல்ல. உங்களுக்குக் கண்ணு தெரியலப்பா. அதை மறைக்கிறதுக்கு எங்க எல்லாருக்கும் விஷம் வைப்பீங்களா?”

“முதல் துண்டை நானே திங்கறேன். பாத்துக்கோ,” என்றார். கதவு அறைந்து சாத்தும் சத்தம். தொடர்பு போய்விட்டது.

அக்கா அல்தினா எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மாவில் கை வைத்தால் போனை உள்ளறையில் போட்டுவிடுவது அவள் வழக்கம். அந்த வழக்கத்தின் மேல் ஆத்திரம் வந்தது. சுரங்கத்துக்குள் வேலையில் இருக்கும் அத்தான்மேல் வந்தது. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வருகிற டிரைவர்மேலும் வந்தது. எல்லாரையும்விட, தடுமாறித் தடுமாறிச் சரிவில் குனிந்து, ஒவ்வொரு இலையாக மூக்கருகே கொண்டுபோன அந்தக் கிழவர்மேல் வந்த ஆத்திரத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

போன் அதிர்ந்தது. குழுவில் அக்கா போட்ட படம். ‘மாமாவுக்கு மட்டும் இல்ல’ என்று அவனைச் சீண்டிக் கீழே எழுதியிருந்தாள். வட்டத் தட்டில் சுருள் சுருளாகப் பீதா, பொன்னிறமாக. வெட்டியிருக்கவில்லை. தட்டின் ஓரத்தில், முறுகிய விளிம்புக்காக நீண்டிருந்தது அக்கா மகள் லாமியாவின் சின்னக் கை. பின்னால் நாற்காலிமேல் அப்பாவின் தொப்பி; அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மலை ஊரில் படம் தாமதமாகத்தான் வரும், எப்போது எடுத்ததோ.

அக்காவை மறுபடி கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் குழுவில் பேசத் தொடங்கியிருந்தான்.

“சொல்லு, ஓடுது,” என்றான் சாஃபெத். அவன் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

“அக்கா, அந்த இலையில விஷச்செடி கலந்திருக்கு. பீதாவை யாரும் தொடாதீங்க. ஒரு வாய் தின்னிருந்தாலும், நல்லாத்தானே இருக்கோம்னு உக்காந்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. லாமியாவை முதல்ல தூக்கிட்டுப் போங்க. அப்பா என்ன சொன்னாலும் கேக்காதீங்க. அவருக்குக் கண்ணு தெரியல. அவர் கையிலேருந்தும் புடுங்குங்க. இதை யாரு முதல்ல படிக்கிறீங்களோ, தட்டோட தூக்கி அடுப்பு நெருப்புல கொட்டுங்க.”