நூற்று நாற்பத்துமூன்று தடவை முடிந்த குழி

என் வேலை நன்றி சொல்றது. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். நகராட்சி ஆபீஸ் இரண்டாவது மாடியில உட்கார்ந்துக்கிட்டு, ஜனங்க ஆப்ல அனுப்புற புகாருக்கெல்லாம் 'தங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது, நன்றி'ன்னு பதில் ஒட்டுவேன்.

புகார் வந்ததும் திரையில மஞ்சளா நிற்கும். 'முடிந்தது'ங்கிற பட்டனை அழுத்தினா பச்சையாயிடும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அழுத்தலைன்னா சிவப்பு. சிவப்பு விழுந்தா ஆணையர் போனுக்கே நேரா தகவல் போயிடும். எங்க பிரிவுத் தலைவருக்குச் சிவப்புன்னாலே காய்ச்சல் வரும், அதனால அவருக்குப் பச்சை சார்னே பேர் வச்சுட்டோம். "நாம அனுப்பிட்டோம்ல? நம்ம பக்கம் முடிஞ்சுதுல்ல? அழுத்தும்மா"ம்பார். நான் ஒப்பந்த ஆள். வருஷா வருஷம் அவர் கையெழுத்து போட்டாத்தான் என் பொழப்பு ஓடும். வாயை மூடிக்கிட்டு அழுத்துவேன்.

இதுல ஒரு ஆள் என் உயிரை வாங்கினார். வேலை நாள் தவறாம காலையில ஏழு நாற்பதுக்கு ஒரே குழியைப் படம் எடுத்து அனுப்புவார். குழி மேல ஒரு அளவு நாடா கிடக்கும். கீழே, 'இன்று இடுப்பு நாற்பத்தொன்று. நேற்றைவிட அரை அங்குலம் பெருத்திருக்கிறது'ன்னு எழுதியிருக்கும். பேர் போட மாட்டார். யாரோ வேலைவெட்டி இல்லாத ரிட்டயர்டு மனுஷன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். "உன் அளவுக்காரர் இன்னிக்கு என்ன சொல்றார்?"னு என் வீட்டுக்காரர் தினமும் கேட்டுச் சிரிப்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

போன திங்கட்கிழமை பச்சை சார் குதிச்சுக்கிட்டே வந்தார். "நம்ம பிரிவுக்குப் பரிசும்மா! கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்திருக்கு. ஒரே தெருவுல நூத்தி நாப்பத்திமூணு குழி, எல்லாமே அன்னன்னைக்கே மூடியாச்சு! வியாழக்கிழமை ஆணையர் அந்தத் தெருவுக்கே வர்றார். வெள்ளிக்கிழமை உன் ஒப்பந்தத்துலயும் கையெழுத்து போட்டுடறேன், போ."

அது நூத்தி நாப்பத்திமூணு குழி இல்ல. ஒரே குழி. மூடவும் இல்ல. ஆணையர் வந்து அதுலயே கால் வைக்கப் போறார், வெள்ளிக்கிழமை நான் வீட்டுல உட்காரப் போறேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டைக்கூடத் தொடாம அந்தத் தெருவுக்கு ஓடினேன். குறுகலான தெரு. பேக்கரி, சைக்கிள் கடை, கடைசியில ஒரு தையல் கடை. அந்தக் கடை வாசல் சரிவுக்கு நேர் எதிர்ல குழி. அடேயப்பா, படத்துல பார்த்ததைவிட நேர்ல பெரிய ஆளு! பக்கத்துல குத்த வச்சு ஒரு அம்மா அளவு நாடாவைச் சுருட்டிக்கிட்டு இருந்தாங்க. மதியமும் ஒரு தடவை அளப்பாங்களாம், சும்மா ஆசைக்கு.

"நான் நகராட்சியிலேர்ந்து வர்றேன். உங்க புகாருக்கு நான்தான் பதில்..."

அந்தம்மா எழுந்து நின்னாங்க. திட்டப் போறாங்கன்னு கண்ணை இறுக்கிக்கிட்டேன். அவங்களோ உள்ளே திரும்பி, "அக்கா, சீக்கிரம் பாரு! நன்றி வந்திருக்கு, நன்றி!"ன்னு கத்தினாங்க.

உள்ளே சக்கர நாற்காலியில ஒரு பெரியம்மா பட்டன் துளை தைச்சுக்கிட்டு இருந்தாங்க. "இவ்வளவு ஒல்லியா இருக்கே! உட்காரு"ன்னாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தக் குழி வந்ததுலேர்ந்து நாற்காலியை வெளியே இறக்க வழியில்லை. ஏழு மாசமா பெரியம்மா தெருவையே பார்க்கலை.

எல்லாத்தையும் கொட்டிட்டேன். மஞ்சள், பச்சை, பரிசு, ஒப்பந்தம், எல்லாம்.

தையல்காரம்மா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. "நூத்தி நாப்பத்திமூணு தடவை முடிஞ்ச குழியா இது?"

"கோபமே வரலையா உங்களுக்கு? ஏன் விடாம அனுப்பினீங்க?"

"முதல்ல மெஷின்தான் பதில் போடுதுன்னு நினைச்சேன், விட்டுடலாம்னும் இருந்தேன். அப்புறம் ஒரு நாள் நாப்பதைத் தொட்டுடுச்சுன்னு எழுதினேன். அதுக்கு, 'அய்யய்யோ, இன்னும் பெருசாயிடுச்சா!'ன்னு பதில் வந்துச்சு. உடனே அழிஞ்சும் போச்சு. அட, அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்குக்கான்னு அக்காகிட்ட சொன்னேன். ஆள் இருந்தா ஒரு நாள் வராமலா போயிடும்?"

அது என் வாய்த்துடுக்கு. அவசரமா அழிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. அன்னைக்குப் பூரா பச்சை சார் பார்த்துட்டாரோன்னு பயந்து செத்தேன்.

அங்கேர்ந்தே தார் போடற மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "எந்தக் குழிம்மா? என் பட்டியல்லயே இல்லையே"ன்னார். தேடிப் பார்த்தார். "இது முடிஞ்சுதுன்னுல்ல இருக்கு! முடிஞ்ச குழியை நான் எப்படிம்மா மூடுறது? ஒரு சட்டி தார் கொடுக்க மாட்டாங்க. நீ போய் 'முடியவில்லை'ன்னு மாத்து, அடுத்த மணி நேரம் வந்து நிற்கறேன்."

மாத்தினா கெடு எப்பவோ தாண்டின புகார், உடனே சிவப்பு. பச்சை சார் கையெழுத்து போட்ட மாதிரிதான்!

புதன்கிழமை மூணு மணி வரைக்கும் திரையையே முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா மடியில கிடந்த நூல்கண்டுதான் கண்ணுக்குள்ளேயே நின்னுச்சு. போனா போகட்டும் போன்னு ஒண்ணொண்ணா மாத்தினேன். மேஸ்திரிக்கு ஒண்ணு போதும்தான், ஆனா பரிசுக்கு எண்ணின நூத்தி நாப்பத்திமூணும் பொய்தானே. கட்டைவிரலே வலிச்சுது. ஆப்ல ஊரே பார்க்கிற பக்கத்துல, என் கையாலயே தட்டச்சு பண்ணி ஒரு பதிலும் போட்டேன்: 'இந்தக் குழி ஒரு நாளும் மூடப்படவில்லை. முடிந்தது என்று அழுத்தியது நான். மன்னித்துவிடுங்கள்.'

பச்சை சார் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, திரை பூரா..."ன்னு ஆரம்பிச்சவர் அப்படியே நாற்காலியில சாய்ஞ்சுட்டார். தண்ணி தெளிக்க வேண்டியதாப் போச்சு.

மேஸ்திரி சொன்ன சொல் தவறலை. அன்னைக்கே இருட்டறதுக்குள்ள தாரைக் கொட்டி, உருளை ஓட்டி, குழி இருந்த இடமே தெரியாம பண்ணிட்டார்.

வியாழக்கிழமை ஆணையர் வந்தார், கையில பரிசு இல்லாம. தெருவே திரண்டு நின்னுச்சு.

"நேத்துக் கூட்டத்துல என் போன் நூத்தி நாப்பத்திமூணு தடவை அடிச்சுது. யார் பண்ணினது?"

பச்சை சார் வானத்தைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன்.

ஆணையர் என் பக்கத்துல வந்து நின்னார். "ஒரு வருஷமா ஒரு சிவப்புகூட எனக்கு வரலை. ஊர்ல குழியே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், அவ்வளவு முட்டாளா." பச்சை சார் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு ஒப்பந்தம் என்ன ஆச்சு?"

"நாளைக்குக் கையெழுத்து போடறதா இருந்தேன் சார்..."

"இப்பவே போடுங்க."

சைக்கிள் கடைக்காரர் விசில் அடிச்சார். தையல்காரம்மா என்னைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கியே விட்டாங்க. சந்தோஷத்துல அழுகையும் வந்துடுச்சு எனக்கு, எதுக்கு மறைக்கணும்?

இப்பெல்லாம் பச்சை சார் காலையில வந்ததும், "இன்னிக்கு ஒரு சிவப்பாவது இருக்காம்மா? ஆணையர் கேட்பாரே"ன்னு கையைப் பிசையறார்.

நேத்து ஏழு நாற்பதுக்கு வழக்கம்போல ஒரு படம் வந்துச்சு. புதுத் தார் மேல சக்கர நாற்காலி. வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பெரியம்மா. கழுத்துல மாலை மாதிரி அந்த அளவு நாடா. கீழே எழுதியிருந்துச்சு: 'அளக்க ஒன்றும் இல்லை. அக்கா பேக்கரி வரைக்கும் போகிறாள்.'

ஒட்டற பதில் தயாரா நின்னுச்சு. அதைத் தள்ளி வச்சுட்டுத் தட்டச்சு பண்ணினேன்: 'அய்யய்யோ, வெளியே வந்தாச்சா!'

அழிக்கலை.