குசினிச் சுவரில் இருந்தது

நாகபூசணிக்குத் தமிழ் பேச வரும், தமிழில் சண்டை பிடிக்க வரும், எழுத மட்டும் வராது. மாத்தறையில் கடை வைத்திருந்த புங்குடுதீவுக் குடும்பத்தில் பிறந்து, பக்கத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எதையாவது எழுதவேண்டி வந்தால் தமிழைச் சிங்கள எழுத்தில் எழுதுவாள். பார்க்க வட்டம் வட்டமாக இருக்கும். வாசித்தால் சுத்தமான தீவுத் தமிழ். மகள் மனோகரிக்கும் அதே கதைதான். எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் கடையும் கடைக்குள் நின்ற புருசன் செல்வரத்தினமும் எரிந்துபோக, தாயும் மகளும் கப்பலேறி வந்து, புங்குடுதீவு மடத்துவெளியில் புருசனின் தமக்கை சீதேவி வீட்டில் ஒதுங்கினார்கள்.

சோறு கிடைத்தது. சோற்றோடு சேர்த்து சீதேவியின் புருசன் அரியநாயகத்தின் அதிகாரமும் கிடைத்தது. தமிழ் எழுத்துப் படிக்கவென்று, வளர்ந்த பிள்ளை மனோகரியைச் சின்னஞ்சிறுசுகளோடு அரிவரி வகுப்பில் இருத்தினார்கள். அவள் வெட்கப்பட்டுப் பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்டாள். "படிப்பு ஏறாது, கட்டிக் குடுப்பம்" என்றார் அரியநாயகம். மாப்பிள்ளை அவருடைய தமையன் மகன் பாலசிங்கம். பிரான்சில் இருக்கிறான். நாற்பது வயது, நன்றாகக் குடிப்பான். அவன் ஊரில் இருந்த காலத்திலேயே முதல் பெண்சாதி எவனோடோ ஓடிவிட்டாள் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். கலியாணம் முடிந்தால் பாலசிங்கம் அரியநாயகத்தின் மகனைப் பிரான்சுக்குக் கூப்பிடுவான். அதுதான் ஒப்பந்தம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்?

நாகபூசணி ஒருதரம் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்கு எங்க போய்ச் சாப்பிடப் போறீர்?" என்று கேட்டார் அரியநாயகம்.

அன்று முதல் நாகபூசணி தினமும் காலையில் அடுப்பு மூட்டுகிறபோது ஒரு கரித்துண்டை எடுத்து, சொல்ல முடியாததை எல்லாம் குசினிச் சுவரில் எழுதினாள். அரியநாயகம் குசினிக்குள் கால் வைக்கிற ஆளில்லை. சீதேவி அதைப் பால் கணக்கு என்று நினைத்தாள். மனோகரி மட்டும் தேத்தண்ணி குடித்தபடி புதிதாக வந்த வரியை வாசிப்பாள். வாசித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பாள்.

எண்பத்தாறில் ஒருநாள் நேவி வந்து ஊரைச் சுற்றிவளைத்தது. அரியநாயகத்தின் முற்றம் பெரிது என்பதால் அயல் முழுவதையும் அங்கே கொண்டுவந்து குந்தவைத்தார்கள். வீட்டுக்காரர் என்றும் பார்க்காமல் அரியநாயகத்தின் முதுகில் துவக்குப் பிடியால் ஒன்று போட்டார்கள். குசினியைச் சோதிக்கப் போன இளம் நேவிக்காரன் உள்ளேயிருந்து கத்தினான். தமிழ் வீட்டில் சிங்கள எழுத்து என்றால் யார்தான் கத்தமாட்டார்கள்? முற்றத்தில் கதிரை போட்டு இருந்த அதிகாரி, எழுதியிருப்பதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னான்.

அவன் வாசித்தான். ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன பிள்ளை. சொல் சொல்லாக நிறுத்தி வாசித்தான். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முற்றத்தில் இருந்த சனத்துக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை.

"அரியநாயகம் அண்ணை தன்ர பெடியனை அனுப்ப என்ர பெட்டையை விக்கிறார். பாலசிங்கத்தின்ர பெண்சாதி ஓடேல்லை. அவன்தான் கையை முறிச்சு வீட்டை விட்டுக் கலைச்சவன். ஊருக்குத் தெரியாது, இந்த வீட்டுக்குத் தெரியும்."

நாகபூசணிக்கு ஆத்திரம் வந்தது. என் புருசனை எரித்தவங்களின் ஆளாய் வந்து நிற்கிறவனா என் வழக்கைப் பேசவேண்டும்? எனக்கு வாயில்லையா? அவன் மேலும், அரியநாயகத்தின் மேலும், எல்லாவற்றையும்விட இத்தனை நாள் சுவரோடு பேசிக்கொண்டிருந்த தன் மேலும் அவளுக்கு அடக்க முடியாத கோபம்.

இது இயக்கத்தின் இரகசியமா என்று அதிகாரி கேட்டான். அவள் எழுந்து நின்று சிங்களத்திலேயே பதில் சொன்னாள். "எழுத்து உங்களுடையது. சண்டை எங்களுடையது. இது வீட்டுச் சண்டை."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். எழுந்து, போகலாம் என்று ஆட்களுக்குக் கையைக் காட்டினான். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

ஜீப்புச் சத்தம் ஓய முதலே அரியநாயகம் வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார்.

"சிங்களத்தி, என்ர வீட்டுச் சுவரை நாசமாக்கிப் போட்டீர். வழி விடும், கழுவவேணும்."

நாகபூசணி குசினி வாசலை மறித்தாள்.

"கழுவுங்கோ, அண்ணை. அவன் பாதிதான் வாசிச்சவன். மிச்சத்தை நான் சொல்லிப்போட்டு விடுறன். மனோகரி போகமாட்டாள். சோறு தாறதெண்டு என்ர பிள்ளையை விலை பேச ஏலாது. நான் தெருவில நிண்டு பிச்சை எடுப்பன், அவளைக் குடுக்கமாட்டன்."

அயல் சனம் இன்னும் எழும்பவில்லை. நேவி போன பிறகும் அப்படியே குந்தியிருந்தது. அடுத்த வளவு இளையதம்பி மெதுவாகக் கேட்டார்.

"அரியநாயகம், பாலசிங்கம் பெண்சாதியின்ர கையை முறிச்சது மெய்யே?"

அரியநாயகம் வாளியைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார், அவள் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று.

சீதேவி அவரைப் பார்க்கவில்லை. மனோகரியைத்தான் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "வலக்கை. நான்தான் கட்டுப் போட்டனான்."