நோம்பு பிடித்த டொல்பின்கள்

எங்கள் ஹோட்டல் நீச்சல் தடாகத்தின் ஓரத்தில் மூன்று சீமெந்து டொல்பின்கள் நிற்கின்றன. படகேறிக் கடலுக்குப் போய் உண்மையான டொல்பினைக் காணாமல் திரும்பும் வெள்ளைக்காரரின் மனம் ஆறட்டும் என்று முதலாளி செய்வித்தவை. மோட்டரைப் போட்டு வால்வைத் திறந்தால் மூன்றும் வாயால் தண்ணீரைப் பீய்ச்சும். ஆலங்குடாவுக்கு இதைவிட அழகு வேறு தேவையில்லை என்பது அவருடைய எண்ணம். குசினியில் வெங்காயம் உரிக்கும் என்னிடம் யார் கேட்டார்கள்?

தடாகத்துக்குப் பொறுப்பு ஹுனைஸ். நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பக்கத்து மொன்டிசூரியில் படிப்பிக்கும் றிஷ்னாவை அவனுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதம், பெண்ணின் உம்மாவுக்கும் சம்மதம். வாப்பா உசனார்தான் பிடி கொடுக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்தவர். இப்போது பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழு எடுக்கும் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறார். எந்தத் தண்ணீரையும் முகர்ந்து பார்க்காமல் கை வைக்க மாட்டார்.

“பொடியன் நல்லவன்தான்” என்றாராம். “ஆனா ஹோட்டல் குசினிக்குப் பக்கத்துல நிண்டுகொண்டு நோம்பு முழுக்கப் புடிப்பானா? பெருநாளைக்குப் புறகு சொல்றன்.”

ஊர் சும்மா இருக்குமா? ஹுனைஸ் தடாகத்துக்குள் முங்கும்போது இரண்டு மிடறு குடித்துவிட்டுத்தான் எழும்புகிறான் என்று ஒரு கதை கிளம்பியது. அந்த மருந்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தால் இப்படிக் கதைத்திருக்க மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருஷம் ரமழான் நோம்பு கச்சான் காற்று அடிக்கும் மாதங்களுக்குள் வந்தது. காலையிலேயே தொண்டை காய்ந்துவிடும். முதல் நோம்பன்று பகல் ஹுனைஸ் குசினி வாசலில் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

“யூஜினி அக்கா, பசி ஒண்டுமில்ல. அந்த மூணு சைத்தானும் சளசளவெண்டு தண்ணி துப்புறதத்தான் பாக்க ஏலாம இருக்கு.”

“பாக்காத. கண்ண மூடு.”

“காத என்ன செய்ற?”

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. மோட்டரை நிறுத்தி வால்வையும் பூட்டிவிட்டான். தடாகத்துத் தண்ணீர் சுற்றிச் சுற்றி வடிகட்டிக்குப் போய்வரும், மருந்தும் வாங்கும். டொல்பின் குழாய் தனி. பூட்டினால் அதற்குள் இருப்பது அங்கேயே கிடந்து அழுகும். ஆட்கள் இல்லாவிட்டாலும் தினமும் அரை மணித்தியாலம் ஓடவிடு என்று முதலாளி தலைபாடாகச் சொல்லியிருந்தார். நானும் சொன்னேன்.

“டேய், மாதாவுக்கு வைக்கிற பூச்சாடித் தண்ணியே ரெண்டு நாளில நாறிப்போகும். குழாய்த் தண்ணி நாறாதா?”

“பெருநாளைக்குத் தொறப்பன் அக்கா. அதுகளும் நோம்பு புடிக்கட்டுமே.”

முதலாளி அந்த மாதம் முழுக்கக் கொழும்பில். வந்த ஒன்றிரண்டு வெள்ளைக்காரரும் அலைமேல் இழுத்துப்போகும் கைட் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடினார்களே தவிர டொல்பின்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் இறைச்சியை விடுவதற்கே முகத்தைத் தூக்கி வைத்திருப்பவள் நான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பெருநாளுக்கு மறுநாள் உசனார் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி. ஹுனைஸ் டொல்பின்களுக்கு நேரே கதிரை போட்டான். மருமகன் ஆளும் ராச்சியத்தை மாமா முன்வரிசையில் இருந்து பார்க்கட்டுமாம்! முதலில் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து பழைய தண்ணீரை வெளியே விடு என்று யன்னலால் கையைக் காட்டினேன். நான் வாழ்த்துகிறேன் என்று நினைத்து அவனும் கையை ஆட்டிவிட்டு மோட்டரைப் போட்டான்.

நடு டொல்பின் முதலில் ஏப்பம் விட்டது. பிறகு இருமியது. பிறகு மூன்றும் சேர்ந்து கறுப்பாக எதையோ துப்பின. கச்சான் அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் உசனாரின் தலையில் போட்டது. கூழ்முட்டை நாற்றம்.

நான் ஓடினேன். ஹுனைஸ் துவாயோடு நின்றான், கிட்டப் போகப் பயம். உசனார் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனார். பழக்கம் விடாது.

“இது எப்பத்தத் தண்ணி?”

“தலை நோம்புல இருந்து நிக்கிது மாமா.”

“ஏன் பூட்டின?”

அவனுக்கு ஆயிரம் பொய் தெரியும். மோட்டர் பழுது, கரண்ட் இல்லை, முதலாளியின் உத்தரவு. அன்றைக்கென்று உண்மைதான் வாயில் வந்தது.

“தண்ணி விழுறதப் பாக்க ஏலல்ல மாமா. தொண்ட காஞ்சி கிடக்கக்குள்ள அந்தச் சத்தத்தக் கேட்டா அழுகையே வரும். அதான் பூட்டினேன்.”

கலியாணம் கடலோடு போயிற்று என்று நினைத்தேன். றிஷ்னாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. எனக்கே அழவேண்டும் போல இருந்தது.

“மாசம் பூரா ஒருக்காலும் தொறக்கல்லியா?”

“ஒருக்காலும் இல்ல.”

உசனார் மறுபடியும் முகர்ந்தார். தாடியிலிருந்து ஒரு கறுத்த சொட்டு விழுந்தது. தோள் குலுங்கத் தொடங்கியது. பார்த்தால் மனிதர் சிரிக்கிறார்.

“களவாக் குடிக்கிறவனுக்குத் தண்ணியப் பாத்தா என்ன பயம்?” என்றார் என்னிடம். “ஊருல ஆளுக்கொரு கதை சொன்னாங்க. இந்த நாத்தத்துக்கு மேல எனக்கு வேற சாட்சி வேணாம்.” பிறகு அவன் பக்கம் திரும்பினார். “ஆனா மகன், வாற நோம்புக்கு நீ இத ஒவ்வொரு நாளும் தொறக்கணும். தண்ணியப் பாத்துக்கொண்டு இருக்கிறதுதான் நோம்பு. நானே வந்து குந்தியிருந்து பாப்பன்.”

ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துக் கலியாணம் நடந்தது. பலர் சுற்றியிருந்து உண்ணும் புரியாணிச் சஹனில் எனக்கும் ஓர் இடம் இருந்தது.

அடுத்த நோம்பில் உசனார் சொன்னபடியே வந்தார். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு அதே கதிரையில், இந்த முறை காற்றுக்கு மறுபக்கமாக அமர்ந்தார். ஹுனைஸ் வால்வைத் திறந்தான். மூன்று டொல்பின்களும் பளிங்குபோல் தண்ணீரைப் பீய்ச்சின. உசனார் பார்த்தார். தொப்பியைக் கழற்றி விசிறினார். மறுபடியும் பார்த்தார்.

“மகன், அரை மணித்தியாலம் ஆயிட்டா?”

“இப்பதானே மாமா தொறந்த.”

உசனார் எழுந்து கதிரையைத் திருப்பிப் போட்டு, டொல்பின்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிறகு இரண்டு காதுக்குள்ளும் விரலை வைத்துக்கொண்டார்.

நானும் ஹுனைஸும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம். சிரித்திருந்தால் அன்று நோம்பு திறக்க அவனுக்கு மாமி வீட்டில் கஞ்சி கிடைத்திராது.