வயர் பார்க்கிறவர்

பேண்டில் எல்லோருக்கும் அவர் தம்தம். பேர் வைத்தவர் டிரம்ஸ் வாசிக்கிற தபால்காரர். இவர் வாசிக்கிற பேஸ் கிட்டார் போடுகிற சத்தத்தையே மனிதருக்கும் பேராக வைத்தார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வாரியத்தில் பம்பு ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் தம்தம். தலையில் முடி போய்விட்டது, வயிறு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. விரல்கள் மட்டும் ஸ்பேனர் பிடித்துப் பிடித்து முறுக்குக் கம்பி மாதிரி இருந்தன. அந்த விரல்களை வைத்துக்கொண்டு கல்யாணம், பிறந்தநாள், கடைத் திறப்பு என்று ஊரில் பாதிப் பேரை ஆட வைத்திருக்கிறார்.

பேண்டை நடத்தியவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. பாடுகிறவனும் அவன்தான். சொந்தப் பாட்டு எதுவும் கிடையாது, எல்லாம் ஊருக்குத் தெரிந்த சினிமாப் பாட்டு. மச்சினனுக்குக் குரல் நன்றாகவே இருக்கும். வாய் அதைவிட நன்றாக இருக்கும். ஒரு பெரிய ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வாசிக்க இடம் பிடித்தது அந்த வாய்தான்.

இடம் கிடைத்த வாரமே தம்தமைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அத்தான், தப்பா எடுத்துக்கக் கூடாது."

அவன் அப்படி ஆரம்பித்தால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான் பின்னால் வரும்.

"மேடையில எளசா நாலு முகம் இருந்தா நல்லா இருக்கும்னு மேனேஜர் சொல்றாரு. வீடியோ புடிச்சுப் போடுறாங்கல்ல, அதுக்கு. ஒரு மாசம் பாப்போம். வாசிக்கப் போறது நீங்கதான், அதுல மாத்தமே இல்ல. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டுத் தரேன். முன்னால நிக்கிறதுக்கு ஒரு ஆளப் புடிச்சிருக்கேன்."

"நிக்கிறதுக்குன்னா?"

"கையில கிட்டார் இருக்கும். வயர் மட்டும் இருக்காது."

தம்தம் சிரித்துவிட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் நிஜமாகவே நாற்காலி போட்டிருந்தது. மேடைக்குப் பின்னால் கறுப்புத் திரை, திரைக்குப் பின்னால் துடைப்பக்கட்டை, தரை துடைக்கிற வாளி, அடுக்கி வைத்த மேசைகள், இவருடைய நாற்காலி. முன்னால், எப்போதும் இவர் நிற்கிற இடத்தில், ஒரு ஜிம் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தான். தோள் இரண்டும் அலமாரிக் கதவு மாதிரி.

அன்றைக்கே எழுந்து வந்திருக்கலாம். ஏன் வரவில்லை என்று பின்னாளில் அவரையே அவர் பலமுறை கேட்டுக்கொண்டார். கிட்டார் ஏற்கெனவே மடியில் இருந்தது, தபால்காரர் குச்சியைத் தட்டிப் பாட்டை ஆரம்பித்துவிட்டார், கை தானாகப் போய்விட்டது. அவ்வளவுதான். ஒரு மாதம் நாலு மாதமானது. மனைவியிடம் மூச்சு விடவில்லை. "நானும் ஒரு நாள் வரேனே" என்று அவள் கேட்டபோதெல்லாம், இடம் இல்லை, கூட்டம் ஜாஸ்தி என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தார். நிகழ்ச்சி முடிந்து மச்சினன் வீட்டுக்கே வந்து அக்கா கையால் சாப்பிட்டு, "அத்தான் இன்னிக்குப் பிரமாதம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போவான். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஜிம் மாஸ்டர் கெட்டவன் இல்லை. முதல் நாளே திரைக்குப் பின்னால் வந்து, "சார், எனக்கே கூச்சமா இருக்கு" என்றான். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டான். தம்தம் சொல்லித் தரவில்லை. தன் இடத்தில் நிற்கிறவனுக்குப் பாடமும் எடுக்க வேண்டுமா என்று இருந்தது அவருக்கு. அவன் குத்துமதிப்பாக விரலை ஆட்டிக்கொண்டிருந்தான், சாப்பிட வந்தவர்களும் அதைப் பார்த்தே தலையாட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மேடைக்கு முன்னால் ஒரு அம்மா ஜிம் மாஸ்டரோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். "உங்க வாசிப்பு அப்படியே நெஞ்சுல வந்து அடிக்குதுங்க" என்று அவனிடம் சொன்னாள். அப்புறம் திரையை விலக்கிக்கொண்டு வந்த தம்தமைப் பார்த்து, "இவரு யாரு?" என்றாள்.

மச்சினன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அவரா? வயர் பாக்கிறவரு."

அந்த அம்மா தம்தமைப் பார்த்து, வேலைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு ஒன்று சிரித்தாள். தம்தமும் பதிலுக்குச் சிரித்தார். வீட்டுக்கு நடந்தே போனார். வழியெல்லாம் 'வயர் பாக்கிறவரு' கூடவே வந்தது.

அந்த வாரம்தான் மச்சினன் வாயெல்லாம் பல்லாகச் செய்தி கொண்டுவந்தான். அடுத்த ஞாயிறு ஓட்டல் முதலாளியம்மா நேரில் வருகிறாராம். பிடித்துப்போனால் ஓட்டலின் எல்லாக் கிளைகளிலும் இவர்கள் பேண்டுதான். "அத்தான், அன்னிக்கு மட்டும் சொதப்பக் கூடாது, என் மானமே உங்க கையிலதான்."

"என் கையிலதானே? கவலைய விடு" என்றார் தம்தம்.

அன்றிரவு பல நாள் கழித்துக் கட்டை மாதிரித் தூங்கினார். காலையில் பசித்தது. இன்னும் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவி வினோதமாகப் பார்த்தாள். கிட்டாரை எடுத்துத் துடைத்து, புதுக் கம்பி மாட்டி, மத்தியானமெல்லாம் வாசித்துப் பழகினார். ஒருத்தனை எப்படிக் கவிழ்ப்பது என்று உட்கார்ந்து யோசிப்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அந்த வயது வரை அவருக்குத் தெரியாது. மச்சினனின் முகம் எந்தப் பாட்டில், எந்த வரியில், எப்படிச் சுருங்கும் என்று மனதுக்குள் பார்த்துப் பார்த்து ரசித்தார். நடுவில் ஜிம் மாஸ்டர் நினைவுக்கு வந்தான். அவனும் சேர்ந்துதான் அவமானப்படுவான். 'வாங்கிக்கட்டும், தோளைக் காட்டிக்கிட்டு நின்னான்ல' என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டார்.

சனிக்கிழமை மனைவியிடம், "நாளைக்கு நீ வா" என்றார்.

"இடம் இருக்காதுன்னீங்க?"

"நாளைக்கு இருக்கும். நல்ல புடவையா கட்டிக்க."

ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் கூடம் நிரம்பி வழிந்தது. முதலாளியம்மா முன்வரிசை மேசையில், பக்கத்தில் மேனேஜர். தம்தமின் மனைவி ஓரத்து மேசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தாள். தம்பி இருந்தான். தபால்காரர் இருந்தார். பேண்டில் இன்னொரு கிட்டார் வாசிக்கிற பல் டாக்டர் இருந்தார், கீபோர்டுக்காரன் இருந்தான். கணவரைக் காணவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிற வாசிப்பு அது. கேட்கிறது, ஆள் இல்லை. அந்த இடத்தில் எவனோ ஒருத்தன் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறான்.

திரையின் இடுக்கில் கண்ணை வைத்திருந்த தம்தம் முதல் இரண்டு பாட்டைச் சமர்த்தாக வாசித்தார். மூன்றாவது பாட்டில் ஜிம் மாஸ்டர் தண்ணீர் குடிக்க பாட்டிலை எடுத்தான். அவன் இரண்டு கையையும் பாட்டிலுக்குக் கொடுத்த நேரம் பார்த்து தம்தம் கூடமே அதிர, கம்பிகளில் விரலால் ஒரு ஓட்டம் ஓடினார். மேலே போய், கீழே வந்து, திரும்ப மேலே போனார். ஒரு மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜிம் மாஸ்டர் பாட்டிலைப் போட்டுவிட்டு அவசரமாகக் கிட்டாரைப் பிடித்து விரலைப் பரபரவென்று ஆட்டினான். உடனே தம்தம் நிறுத்திவிட்டார். மேடையில் அவன் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன, சத்தம் இல்லை.

இப்போது நாலைந்து மேசை சிரித்தது. மச்சினன் மைக்கில், "நம்ம பேஸ் தம்பி இன்னிக்குக் கொஞ்சம் குறும்பா இருக்காரு" என்று சமாளித்தான். அவன் சொல்லி முடிக்கிறதுக்குள், ஜிம் மாஸ்டர் கையைத் தொங்கப் போட்டிருந்த நேரத்தில், தம்தம் மறுபடி இடியாக இறங்கினார். கூடம் முழுக்கச் சிரித்தது. முதலாளியம்மா மேனேஜர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

தம்தம் நினைத்து வைத்திருந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் நடந்தது அவர் திட்டத்தில் இல்லை.

மனைவி எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவில் நடந்து நேராக மேடை ஏறினாள்.

"அக்கா," என்றான் மச்சினன். கையில் இருந்த மைக் அதையும் கூடத்துக்கெல்லாம் சொன்னது. "அக்கா, எறங்கு. அக்கா, சொன்னாக் கேளு."

அவள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. போய்த் திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

தம்தம் வாளிக்கும் துடைப்பக்கட்டைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி வைத்திருந்தார், கழுத்தில் துண்டு. சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. அது யாரைப் பார்த்த சிரிப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது, அவரைப் பார்த்தும்தான். அது அவருக்குச் சுருக்கென்றது.

"எழுந்து வாங்க" என்றாள் மனைவி.

"பாட்டு முடியல."

தபால்காரர் தாளத்தை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். தம்தம் வெறுங்காலோடு எழுந்து முன்னால் வந்தார். ஜிம் மாஸ்டர் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, முகம் சிவக்க, அவருக்கு இடம் விட்டு விலகினான். மச்சினனுக்கு வேறு வழியில்லை, கடைசி வரியைப் பாடியாக வேண்டும். அந்த வரியின் முடிவில் அவன் ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்து நிறுத்துவான், எப்போதும் கைதட்டு வாங்குகிற இடம். கண்ணை மூடிப் பிடித்தான். அவன் சரியாகத்தான் பிடித்தான். தம்தம் கீழே தன் சுரத்தை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி வைத்தார். தரை நகர்ந்தால் மேலே நிற்கிறவன் நேராக நின்றாலும் கோணலாகத்தான் தெரிவான். கூடத்துக்கு அவன் அபஸ்வரமாகப் பாடுவதாகப் பட்டது. முதலாளியம்மா முகத்தைச் சுளித்தார். மச்சினன் கண்ணைத் திறந்து, குரலை மேலே கீழே தேடி, ஒன்றும் பிடிபடாமல் பக்கத்தில் பார்த்தான். தம்தம் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு அந்தத் தப்பான சுரத்தை இன்னொரு தடவை அழுத்தினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேனேஜர் வந்தார். "பெரியவரைப் பின்னால ஒளிச்சு வைக்கச் சொன்னது யாரு? நான் எப்ப சொன்னேன்?" என்று எல்லார் முன்னாலும் மச்சினனைக் கேட்டார். அவனுடைய நல்ல வாய் அன்றைக்கு "அது வந்து சார்" என்பதைத் தாண்டவில்லை. முதலாளியம்மா அதற்குள் கிளம்பிப் போயிருந்தார். கிளைகளும் போயின, ஞாயிற்றுக்கிழமையும் போனது.

மறுநாள் மச்சினன் வீட்டுக்கு வந்து குதித்தான். "அக்கா, உன் புருஷன் என் வயித்துல அடிச்சிட்டாரு!"

"நாலு மாசமா அவரை வாளிக்குப் பக்கத்துல உக்கார வெச்சிட்டு என் கையால சாப்பிட்டுட்டுப் போன பாரு, அது எந்த வயிறு?" என்றாள் அக்கா. "அதுல அடிச்சது போதாது."

அவன் போன பிறகு அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க மட்டும் என்ன? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? அவன் ஒளிச்சு வெச்சான்னா, நீங்களும் ஒளிஞ்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க?" இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

தபால்காரர் அதைவிட அதிக நாள் பேசவில்லை. பேசியபோது ஒன்றுதான் சொன்னார்: "உங்களுக்கு அவன் மேல கோபம், சரி. என் ஞாயித்துக்கிழமையையும் சேர்த்து ஏன் கொளுத்தினீங்க? வாரமெல்லாம் படியேறி எறங்கி தபால் போடுறவன் நான். எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்."  தம்தம் அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். ஜிம்முக்கும் போனார். ஜிம் மாஸ்டர், "விடுங்க சார், அந்தக் கூத்து முடிஞ்சுதேன்னு இருக்கு" என்றான். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் தபால்காரரும் தம்தமும் வேறொரு பேண்டில் சேர்ந்தார்கள். அங்கே பாடுகிறவள் ஒரு நர்ஸ். தம்தமுக்கு அவள் பக்கத்திலேயே இடம்.

மச்சினன் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு துளிகூட வருத்தம் வரவில்லை. வருமா என்று உள்ளே தோண்டிப் பார்த்தார், இல்லை.

மச்சினன் மிச்ச ஆட்களை வைத்துப் புது பேண்டு கட்டினான். பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காமல் கீபோர்டுக்காரனின் இடது கையை நம்பி ஓட்டினான். ஒரு சாயங்காலம் மரச்சாமான் கடைத் திறப்பில் அவர்கள் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தம்தம் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, மனைவியையும் அழைத்துப் போனார். முன்வரிசையில், நட்ட நடுவில் உட்கார்ந்தார். பாட்டு அடித்தளம் இல்லாத வீடு மாதிரி ஆடியது. மச்சினன் இரண்டாவது பாட்டின் நடுவில் அவரைப் பார்த்துவிட்டான். ஒரு வரியை மறந்தான். அடுத்த வரியைச் சீக்கிரமாக எடுத்தான்.

தம்தம் காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டார். கடைக்காரர்கள் கொடுத்த டீ நன்றாக இருந்தது.

"பாவம்ங்க அவன், வேர்த்துக் கொட்டுது. போதும், வாங்க போலாம்" என்றாள் மனைவி.

"இரு இரு, இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு" என்றார் தம்தம்.