ஏழாம் மலைக்குப் போட்ட உரம்

முப்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில், பல்லேகலைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டமொன்றில் உரம் போடும் தேதியைத் தொரை அச்சடித்து ஒட்டினார். வானத்துக்கு மட்டும் ஒரு பிரதி அனுப்ப மறந்துபோனார்.

வீரையா கங்காணி அண்ணாந்து பார்த்தார். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. முந்தின வருஷமும் இதே கதைதான். தூவிய வெள்ளை உப்பு உரமெல்லாம் ஒரே மழையில் கரைந்து ஓடையில் இறங்கி, அடிவாரத்தில் ஸெய்னுலாப்தீன் முதலாளியின் வயலுக்குப் போனது. அவருடைய நெல் கொழுத்துச் சாய்ந்தது. தேயிலை மஞ்சளாகவே நின்றது.

"பாதியப் போட்டு, இரும்பு முள்ளால கிளறி மண்ணுக்குள்ள மூடிருவோம்ங்க. மிச்சத்த மழை விட்டதும் போடலாம்," என்றார், தொரைக்கு அடுத்த அதிகாரியான கண்டாக்கையாவிடம்.

கண்டாக்கையா ராஜலிங்கம் யாழ்ப்பாணத்தார். இடி மின்னலைவிடத் தொரைக்கு அதிகம் பயந்தவர். "ஓம், நீர் சொல்லுறது சரிதான். ஆனா தேதி இண்டைக்கெல்லே போட்டிருக்கு?"

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? தோட்டத்தின் மற்ற மலைகளில் எல்லாம் தேதிப்படி உரம் விழுந்தது. வீரையாவின் பொறுப்பில் இருந்த ஏழாம் மலையில் பாதி உரம் மண்ணுக்குள் போனது. மீதி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குக்கு அடியில் போனது.

"மாட்டுனா தோட்டத்த விட்டே வெரட்டிருவாங்களேண்ணே," என்றாள் உரம் போட்ட இராஜகுமாரி.

"மாட்டுனா நான்தான் மாட்டுவேன். நீ கிளறு புள்ள."

சொல்லிவிட்டாரே தவிர, அன்று சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் தொடங்கிய மழை மூன்று நாள் கொட்டியது. ஓடை நிறைந்து ஓடியது. முதலாளியின் வயலுக்கு அந்த வருஷமும் தோட்டத்தின் உபகாரம் குறையவில்லை. மழை விட்டதும் ஏழாம் மலைக்காரர்கள் மீதி உரத்தையும் போட்டு மூடினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, கம்பெனி அனுப்பிய பெரிய தொரை வந்து சுற்றிப் பார்த்தார். எங்கும் மஞ்சள், ஏழாம் மலை மட்டும் கரும்பச்சை.

"இது என்னுடைய புதிய முறை," என்றார் தொரை, கண் இமைக்காமல்.

"அடுத்த வருஷம் தோட்டம் முழுக்க இதையே செய்யுங்கள்," என்றார் பெரியவர்.

தன் புதிய முறை இன்னதென்று தொரைக்குத் தெரியாது. கண்டாக்கையாவைக் கேட்டார். கண்டாக்கையா, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து வீரையாவைக் கேட்டார். இனி வேலை போகாது என்று அப்போதுதான் வீரையாவுக்கு மூச்சு வந்தது. ஒன்று விடாமல் சொன்னார். தொரை எழுதிக்கொள்ள வசதியாக, நிறுத்தி நிறுத்தி.